வியாழக்கிழமைத் தலை

அந்தக் கடைக்கு வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, தலைதான் உண்டு. கண்ணாடிக் கதவுக்கு மேலே ‘இந்தியத் தலை மசாஜ் – இறுக்கம் தளர, மனம் லேசாக’ என்று பலகை மாட்டியிருக்கும். இந்தியத் தலைகளுக்கு மட்டும்தானா, மற்றவர்களும் வரலாமா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனவர்கள்கூட உண்டு. உள்ளே மூன்று சாய்வு நாற்காலிகள், நாற்காலிக்கொரு திரை, மூலையில் எண்ணெய்க் கிண்ணங்களைச் சூடாக வைத்திருக்கும் வெந்நீர்ச் சட்டி. வந்து சாய்பவரின் கண்மேல் ஒரு சின்னத் துணியைப் போட்டுவிட்டால், அதன்பிறகு அவர் வங்கி மேலாளரும் இல்லை, பல் டாக்டரும் இல்லை, வெறும் தலை. குறட்டைத் தலை, பல்லைக் கடிக்கிற தலை, சாய்ந்தது முதல் எழுந்திருப்பது வரை மருமகளைத் திட்டித் தீர்க்கிற மாமியார்த் தலை. வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள்ளும் வீட்டிலும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

கடையில் சட்டம் ஒன்றே ஒன்று. தலையில் எதைப் பார்த்தாலும் தலைக்குச் சொந்தக்காரரிடம் சொல்லக் கூடாது. பேன் ஓடினாலும் சரி, சொட்டை விழுந்தாலும் சரி, வாயைத் திறக்கக் கூடாது. மனசு லேசாகட்டும் என்று வந்து படுத்தவரிடம் ‘சார், பின்னால காலியாகிட்டே வருது’ என்று சொன்னால் லேசாகப்போவது அவர் மனசா, நம் கல்லாவா என்பது முதலாளியம்மாவின் வாதம். ஆகவே வேலை நேரத்தில் பொத்திவைத்த வாயையெல்லாம் டீ நேரத்தில் வட்டியும் முதலுமாகத் திறந்துவிடுவார்கள்.

அங்கே எல்லோருக்கும் மூத்த கை பெரியக்காவுடையது. முதலாளியம்மாவே அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவாள், முதலாளியம்மா வயதில் எட்டு வருஷம் மூத்தவள் என்றாலும். பெரியக்கா கைவைத்தால் வட்டிக்காரன்கூடக் கணக்கை மறந்து தூங்கிவிடுவான் என்று ஊரில் ஒரு பேச்சு. அவள் அதை மறுத்ததில்லை. இருக்கிற பெருமையை எதற்கு மறுக்க வேண்டும்?

ஆனால் ஊர்த் தலையெல்லாம் அவள் கைக்குள் அடங்கியதே தவிர, சொந்த வீட்டில் இருந்த ஒரே ஒரு தலை அடங்கவில்லை. அது அவள் மகளின் தலை. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. வீட்டில் கூப்பிடுகிற பெயர் வாலு. பிறந்தபோதே உச்சியில் இரட்டைச் சுழி. ஒன்று வலப்பக்கமாகச் சுற்றும், மற்றது இடப்பக்கமாக. ரெட்டைச் சுழி என்றால் சேட்டை ரெட்டிப்பு என்று பிரசவம் பார்த்த நர்ஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே பெயர் ஒட்டிக்கொண்டது. குழந்தை வீறிட்டு அழும்போது பெரியக்கா இரண்டு கையின் விரல்நுனிகளையும் இரண்டு சுழிமேல் வைத்து, ஒன்றை இந்தப் பக்கமாகவும் மற்றதை அந்தப் பக்கமாகவும் ஒரே நேரத்தில் சுற்றுவாள். கடைசியில் உச்சியில் மெல்ல ஒரு ஊது ஊதுவாள். அடுத்த நிமிஷம் பிள்ளை தூங்கியிருக்கும். இந்த வித்தையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தத் தலையே கேட்டு வாங்கிக்கொண்டது.

பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் ஞாயிற்றுக்கிழமையானால் வாலு தானாக வந்து மடியில் தலையை நீட்டுவாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெயைச் சூடு பண்ணி வைத்துவிட்டுக் கூப்பிட்டபோது வரவில்லை.

“வேணாம்மா.”

“ஏன்டி? தலை காஞ்சு கிடக்கு பாரு.”

“எத்தனை பேர் தலையைத் தொட்ட கை. அந்த வாசனை எனக்குப் பிடிக்கல.”

அதைச் சொல்லிவிட்டு வாலு குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பெரியக்கா சூடான எண்ணெயை மறுபடி பாட்டிலில் ஊற்றினாள். ஊற்றும்போது பாதி வெளியே கொட்டியது. அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கையை எலுமிச்சைத் தோலால் தேய்ப்பாள், பாத்திரம் விளக்குகிற பவுடரால் தேய்ப்பாள், தோல் வெடிக்கிற வரைக்கும் தேய்ப்பாள். முகர்ந்து பார்ப்பாள். வாசனை இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். இரண்டு வருஷமாக இந்தக் கூத்துதான். லாரி ஓட்டுகிற வீட்டுக்காரர் மாதத்தில் இரண்டு தடவை வருவார். இந்தக் கையைப் பார்த்துவிட்டு, “என்னைவிட உன் கைதான் அதிகமா ரோடு பார்த்த மாதிரி இருக்கு” என்பார்.

குல்லாவை அவள் பெரிதாக நினைக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையோ மாட்டிக்கொள்ளும், எதையோ கிழித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக்கு அகலமான தலைப்பட்டி, வீட்டில் கம்பளிக் குல்லா. குளியலறையில் முடி கொத்துக்கொத்தாகக் கிடந்தபோது தண்ணீர்மேல் பழிபோட்டாள். உப்புத் தண்ணி என்று சொல்லிக் குழாய்க்கு வடிகட்டி வாங்கி மாட்டினாள். மாட்ட வந்தவனிடம், “எங்க வாலுக்கு முடி கொட்டுதுப்பா, நல்லா இறுக்கி மாட்டு” என்று அக்கறையாகச் சொன்னாள்.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு மாதாமாதம் ஓர் இலவச அட்டை கொடுப்பார்கள். வீட்டு ஆட்கள் நாலு தடவை வந்து போகலாம். பெரியக்கா அதை வாலுவிடம் நீட்டி, “நீதான் வரமாட்ட, உன் சிநேகிதிங்க யாருக்காவது குடு, பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருக்காங்கள்ல, தலை கொஞ்சம் லேசாகட்டும்” என்றாள். வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தாள். வாலு மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானங்களில் பெரியக்கா கடையில் இருக்கமாட்டாள். படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு பாட்டு டீச்சருக்கு வீட்டுக்கே போய்த் தலை பிடித்துவிட்டு வருவாள். முதலாளியம்மாவும் அன்றைக்கு இன்னொரு கடைக்குக் கணக்குப் பார்க்கப் போய்விடுவாள். கடையில் இருப்பது புதுசு மட்டும்தான். புதுசு என்பது புதிதாகச் சேர்ந்த பெண். சேர்ந்து நாலு மாதமாகியும் பெயர் மாறவில்லை. இன்னொருத்தி சேருகிறவரை அவள் புதுசுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் புதுசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“பெரியக்கா, வியாழக்கிழமைத் தலை ஒண்ணு வருதுன்னு சொன்னேன்ல, குல்லா போட்ட பொண்ணு?”

“குல்லாவைக் கழட்டவே மாட்டேன்னு அடம் பிடிச்சு, கழுத்தை மட்டும் பிடிச்சுவிடச் சொல்லிட்டுப் போச்சே, அதுதானே?”

“அதேதான். நேத்து கழட்டிருச்சுக்கா.” புதுசு குரலைத் தாழ்த்தினாள். “லைட்டை அணைச்சாத்தான் கழட்டுவேன்னுச்சு. அணைச்சேன். கையை வச்சேன் பாருங்க, தூக்கிவாரிப் போட்டுருச்சு. உச்சியில அங்கங்க மொழுக்குன்னு இருக்கு. இடது காதுக்கு மேல உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்ல.”

“புழுவெட்டா இருக்கும்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா புழுவெட்டு வழவழன்னு இருக்கும்ல? இது சொரசொரன்னு, குட்டையும் நெட்டையுமா முளைச்சு நிக்குது. நான் ஒண்ணும் கேக்கலக்கா, சட்டம் தெரியும். அதுவே சொல்லுச்சு. ‘நான்தான் புடுங்குறேன். பயப்படாதீங்க, ஒட்டிக்காது’ன்னு.”

“அடப் பாவமே! வலிக்காதாமா?”

“வலிக்கிற அந்த நிமிஷம்தான் நிம்மதியா இருக்குதாம்.”

பரிதாபம் வந்தால் பெரியக்காவுக்குக் கூடவே கோபம்தான் வரும். “பெத்தவ ஒருத்தி இருப்பாள்ல வீட்ல? அவ என்ன கிழிச்சுக்கிட்டு இருக்கா? சொந்தப் பிள்ளையோட தலை மொட்டையாகுறது தெரியாம ஒருத்தி இருப்பாளா? கண்ணை எங்க அடகு வச்சிருக்கா?”

“அம்மாவுக்குத் தெரியாதாம்கா. தெரிஞ்சா தாங்க மாட்டாங்களாம்.”

“ஆமா, இப்ப மட்டும் ரொம்பத் தாங்கிக்கிட்டிருக்காளாக்கும்.” பெரியக்கா பிஸ்கட்டை டீயில் முக்கினாள்.

“பாவம்க்கா. நம்ம கடை அட்டைதான் வச்சிருக்கு. யாரோ குடுத்தாங்களாம்.”

அப்படியானால் வாலுவின் சிநேகிதி யாரோ ஒருத்திதான் என்று பெரியக்கா நினைத்துக்கொண்டாள். நல்லவேளை, அட்டை உருப்படியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. வாலு நல்ல மனசுக்காரி, நம்மிடம்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அந்தப் பெண் யாரென்று பக்குவமாகக் கேட்டு, அவள் அம்மாவைப் பார்த்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும்.

“ஒண்ணு சொல்லணும்க்கா,” என்று புதுசு டீயில் விரலை நனைத்து மேஜைமேல் கோடு இழுத்தாள். “முடி இல்லாததால அதுக்கு உச்சியில நல்லாத் தட்டுப்படுது. ரெட்டைச் சுழி. ஒண்ணு இப்படிப் போகுது, ஒண்ணு அப்படிப் போகுது. நான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல. வலது காதுக்குப் பின்னால மிளகு மாதிரி ஒரு மரு வேற.”

முக்கியிருந்த பிஸ்கட் ஊறி டீக்குள் விழுந்தது. பெரியக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னக்கா?”

“ம்.”

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அங்கே துவைத்து மடித்த துண்டுகள் அடுக்கியிருக்கும். அந்த அடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். சற்றுமுன் அந்த அம்மாக்காரியைத் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வந்து செவிட்டில் அறைந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியே ஒரு தலை வந்து காத்துக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அந்தத் தலையைத் தூங்கவைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் வாலு மேஜையில் படித்துக்கொண்டிருந்தாள். குல்லா இருந்தது. ஒரு கை புத்தகத்தின்மேல், ஒரு கை குல்லாவுக்குள். இந்தக் காட்சியைப் பெரியக்கா இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்திருக்கிறாள். யோசிக்கும்போது தலையைச் சொறிகிற பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

“வாலு.”

“என்ன?” கை குல்லாவிலிருந்து வெடுக்கென்று வெளியே வந்தது.

“ஒண்ணுமில்ல. டீ போடட்டுமா?”

“வேணாம்.”

சமையலறைக்குப் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். லாரி இரைச்சலுக்கு நடுவில் அவர் கேட்டுக்கொண்டார். அப்புறம், “நேர்ல கேட்டுற வேண்டியதுதானே?” என்றார்.

“கேட்டா அங்க வர்றதையும் நிறுத்திருவா. அவ குல்லாவைக் கழட்டுற ஒரே இடம் அதுதான்.”

“அப்ப என்னதான் பண்றது?”

“தெரியலங்க.”

“ஊருக்கெல்லாம் நீதானே பண்ற?” அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். அதனால்தான் அதிகமாக வலித்தது.

அடுத்த வியாழக்கிழமை பாட்டு டீச்சர் வீட்டில் அவள் கை ஓடவில்லை. “கையை வீட்லயே வச்சுட்டு வந்துட்டியாம்மா?” என்று டீச்சர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். சீக்கிரமே கிளம்பிக் கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். சொந்த மகளைத் திருட்டுத்தனமாகப் பார்க்க முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கதவு திறந்தது. வாலு வெளியே வந்தாள். குல்லா சரியாக இருந்தது. படியில் இறங்கும்போது ஒரு படியை விட்டுத் தாண்டிக் குதித்தாள். சின்ன வயசில் எல்லாப் படியையும் அவள் அப்படித்தான் இறங்குவாள். பெரியக்கா அதை மறந்தே போயிருந்தாள்.

மறுநாள் புதுசிடம் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். “அந்த வியாழக்கிழமைத் தலை வந்துச்சா?”

“வந்துச்சுக்கா. நல்லாத் தூங்கிருச்சு. எழுப்பவே மனசு வரல.”

பெரியக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பாதி பொறாமை, பொய் சொல்வானேன். நேற்று வந்தவளுடைய கையில் தூங்குகிறாள். எண்ணெயை அதிகம் ஊற்றி, கழுத்தில் வேண்டாத இடத்தில் அழுத்துகிற கை. அந்தக் கைக்கு என்ன தெரியும்? அந்தத் தலை காதுக்குப் பின்னால் எப்படித் தொட்டால் மூச்சை விடும், எங்கே தொட்டால் கூசிச் சிணுங்கும், ஒன்றும் தெரியாது. தெரியாமலே இவ்வளவு தூங்குகிறாள் என்றால், தெரிந்தால்?

இந்த ‘தெரிந்தால்’ வந்து மூளைக்குள் உட்கார்ந்துகொண்டது. தன் கை போக முடியாத இடத்துக்குத் தன் கைவேலையாவது போகட்டுமே என்று தோன்றியது. இரண்டு நாள் யோசித்தாள். யோசித்ததெல்லாம் எப்படிச் செய்வது என்பதைத்தான், செய்யலாமா என்பதை அல்ல. புதன்கிழமை மத்தியானம் கடை காலியாக இருந்தபோது புதுசை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையைத் தன் பக்கம் சாய்த்தாள்.

“ரெட்டைச் சுழித் தலைக்குன்னு தனி முறை ஒண்ணு இருக்கு. கத்துக்கோ, எப்பவாவது உதவும்.”

“அப்படியெல்லாம்கூட இருக்காக்கா?”

“இருக்கு.”

இல்லை. உலகத்தில் ஒரே ஒரு தலைக்குத்தான் அப்படி ஒரு முறை இருந்தது. அதை அவள் புதுசின் தலைமேல் செய்து காட்டினாள். முதலில் கட்டைவிரல்கள் காதுக்குப் பின்னால் குழியில் போய்ச் சும்மா இருக்க வேண்டும். அழுத்தக் கூடாது. மூச்சு இறங்குகிறவரை காத்திருக்க வேண்டும். பிறகு விரல்நுனிகள் உச்சிக்கு ஏறி, ஒரு கை வலமாகவும் ஒரு கை இடமாகவும் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும். அப்புறம் பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்து தன் தலையைக் கொடுத்தாள். புதுசுக்கு இரண்டு கையும் ஒரே பக்கமாகவே ஓடின.

“ஏட்டிக்குப் போட்டியா ஓடணும்டி. உன் ரெண்டு கையும் ரொம்ப ஒத்துமையா இருக்கு.”

“வீட்லதான் ஒத்துமை இல்ல, கைலயாவது இருக்கட்டும்க்கா” என்று புதுசு சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தப்பு செய்து, கடைசியில் கை படிந்துவிட்டது. “ஆனா அந்தப் பொண்ணுக்குச் சுழிகிட்ட முடியே இல்லையேக்கா. அந்த இடத்தை விட்டுட்டுச் சுத்தணுமா?”

பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “விட்டுறாத. இல்லாத இடத்துலதான் நல்லாத் தொடணும். ஒதுக்கிட்டுப் போனா அதுக்குத் தெரிஞ்சிரும்.”

அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பாள். நிறுத்த முடியவில்லை. எழுந்து துண்டை மடிக்கிற சாக்கில், முகத்தைக் காட்டாமல் சொன்னாள். “முடிக்கிறப்ப உச்சியில லேசா ஒரு ஊது ஊதிவிடு.”

“ஊதணுமா? முதலாளியம்மா பார்த்தா கொன்னுருவாங்க.”

“வியாழக்கிழமை அவங்க இருக்கமாட்டாங்கள்ல.”

வியாழக்கிழமை வந்தது. பெரியக்கா பாட்டு டீச்சரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு நேரத்தோடு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டாள். வாலு உள்ளே போவதைப் பார்த்தாள். இப்போது சாய்ந்திருப்பாள், இப்போது குல்லாவைக் கழற்றியிருப்பாள், இப்போது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் போயிருக்கும். தாவணி வயசில் கல்யாணப் பேச்சு நடந்தபோதுகூட அவள் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. தன்னை அறியாமல் இரண்டு கை விரல்களும் காற்றில் ஏட்டிக்குப் போட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஆள் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

கதவு நேரம் ஆகும் முன்பே திறந்தது. வாலு வந்தாள். குல்லா கோணலாக இருந்தது, ஒரு பக்கம் எண்ணெய் கன்னத்தில் வழிந்திருந்தது. படியில் எதையும் தாண்டவில்லை. தெருவைப் பார்க்காமல், வண்டியைப் பார்க்காமல், விறுவிறுவென்று நடந்தாள். அவளுக்குப் பின்னால் புதுசு கையில் துண்டோடு வாசல்வரை ஓடிவந்து முழித்துக்கொண்டு நின்றாள்.

பெரியக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாலு வாசல் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். கடை அட்டை மேஜைமேல் இருந்தது.

“யார் சொல்லிக் குடுத்தா?”

“எதைடி?”

“நடிக்காதம்மா. ரெண்டு கையாலயும் சுத்துனாங்க. அப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சரி, எல்லாருக்கும் இப்படித்தான் செய்வாங்கபோலன்னு படுத்திருந்தேன்.” வாலுவின் குரல் உடைந்தது. “அப்புறம் ஊதுனாங்க.”

பெரியக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“எவ்ளோ நாளாத் தெரியும் உனக்கு?”

“கொஞ்ச நாளாத்தான்.”

“தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தியா?”

“கேட்டா நீ அங்க வர்றதை நிறுத்திருவியோன்னு பயந்துதான் கண்ணு...”

“இப்ப மட்டும் என்னவாம்?” வாலு அட்டையை நகத்தால் தள்ளினாள். “அந்த ஒரு இடத்துலதாம்மா நான் யாரோட பொண்ணும் இல்ல. அவங்க என்னைத் தொட்டா அவங்களுக்கு அழுகை வராது. ஒரு தலை, அவ்ளோதான். எண்ணெய் தேய்ப்பாங்க, துடைப்பாங்க, போயிட்டு வாம்மாம்பாங்க. அங்கயும் வந்துட்ட நீ.”

“நான் வரலடி. நான் வெளியதான் நின்னேன். வெறும் கை வேலைதான்...”

“உன் கைதாம்மா நீ.”

பெரியக்கா அப்படியே சுவரோரமாக உட்கார்ந்தாள். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டாள். “என் கை வாசனை பிடிக்கலன்னியே?”

“பொய். தொட்டுருவியேன்னு சொன்னேன்.”

மகள் தலை மொட்டையாகி நிற்கிற இந்த நேரத்தில் அவள் மனசின் ஒரு ஓரம் குளிர்ந்தது. அதற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“எதுக்குடி கண்ணு இப்படிப் பண்ற? பரீட்சையா? அப்பா இல்லாததா? நான் ஏதாவது...”

“தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. கை தானாப் போகுது. புடுங்கின பிறகுதான் போனதே தெரியுது.” வாலு எழுந்து அறைக்குள் போனாள். கதவை அறைந்து சாத்தவில்லை, மெல்லத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால் பெரியக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பிறகு வியாழக்கிழமைத் தலை கடைக்கு வரவில்லை. “நான் ஏதாவது தப்பாச் செஞ்சுட்டேனாக்கா?” என்று புதுசு இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “நீ இல்லடி” என்பதோடு பெரியக்கா முடித்துக்கொண்டாள். பல் டாக்டர் தலையிடம், தெரிந்தவர் வீட்டுப் பெண்ணுக்கு என்று சொல்லி, இதற்கென்று இருக்கிற ஒரு டாக்டரின் முகவரியை வாங்கினாள். வாலுவிடம் கொடுத்தாள். வாலு அதைக் கிழிக்கவில்லை. “போலாம். நானே சொல்றேன்” என்று சொல்லிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அவள் சொல்வாள் என்று பெரியக்கா ஒவ்வொரு சாயங்காலமும் காத்திருந்தாள். வேறு என்ன செய்ய முடியும்? கட்டி இழுத்துக்கொண்டா போக முடியும்? கையைப் பிடித்துத் தடுத்தால் கையை எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருப்பது? தூங்கும்போது திருட்டுத்தனமாகத் தொட்டுப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நாள் கதவுவரை போனாள். போய்த் திரும்பி வந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம், அவள் வேலையிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து குரல் வந்தது.

“அம்மா.”

கதவு திறந்திருந்தது. வாலு முதுகைக் காட்டி மேஜையில் உட்கார்ந்திருந்தாள். குல்லா மேஜைமேல் கழற்றி வைத்திருந்தது.

“வந்து உக்காரு. பேசாத. தொடாத.”

“சரி.”

“கையை எங்க வச்சுப்ப?”

பெரியக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னால் கட்டிப் பார்த்தாள், பின்னால் கட்டிப் பார்த்தாள்.

“கீழ வச்சு அதுமேல உக்காந்துக்கோ.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். புதுசு சொன்னது எல்லாம் சரிதான். உள்ளங்கை அகலம் என்று சொன்னது மட்டும் பழைய கணக்கு, இப்போது அதைவிட அகலம். உச்சியில் அந்த இரண்டு சுழியும், நர்ஸ் காட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே, ஒளிவுமறைவு இல்லாமல் தெரிந்தன.

வாலு ஒரு பக்கம் படித்தாள். திருப்பினாள். அவளுடைய இடது கை மெல்ல மேலே ஏறியது. விரல் ஒரு முடியைத் தேடி எடுத்தது, சுற்றியது, நிதானமாக இழுத்தது. வேரோடு பிடுங்கி வரும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அந்த முடியை அவள் நோட்டின் ஓரத்தில் மற்ற முடிகளோடு நேராக வைத்தாள். தொடைக்கு அடியில் பெரியக்காவின் விரல்கள் துடித்தன. உடம்பின் பாரம் முழுவதையும் அவற்றின்மேல் போட்டு அழுத்தி உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு எத்தனை தலைம்மா?” என்று வாலு திரும்பாமல் கேட்டாள்.

பேசாதே என்று சொன்னவளே கேட்கிறாள், சொல்லலாம்தானே? “எட்டு.”

“மாமியார்த் தலை வந்துச்சா?”

“வந்துச்சு. மருமக தனிக்குடித்தனம் போயிட்டாளாம். இனிமே யாரைத் திட்டுறதுன்னு ஒரே அழுகை.”

வாலுவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்புதான். பெரியக்காவுக்கு அந்தச் சிரிப்போடு சேர்த்து அந்தத் தலையை அப்படியே நெஞ்சில் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கைகள் மரத்துப் போய்விட்டன, மணிக்கட்டுக்குக் கீழே இருப்பதே தெரியவில்லை. அவள் அவற்றை எடுக்கவில்லை.

வாலு பக்கத்தைத் திருப்பினாள். அவள் கை மறுபடியும் மேலே போயிற்று.